ஒரு சிறிய வினைச்சொல்லும் நாம் சிரித்த சிரிப்பும்



இந்த வாரம் வழக்கம்போல் ஒரு வேதபகுதியை எடுத்துத் தியானம் எழுதவில்லை. இலக்கணத்தைப் பற்றி எழுதப்போகிறேன். அதுவும் ஆங்கில இலக்கணத்தைப் பற்றி. போதகருக்கு இந்த வேலை எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்குள் என் பிழையும் இருக்கிறது. ஆகவே பிழையிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனைக்கு வெளிநாட்டிலிருந்து நான்கு விருந்தினர் வந்திருந்ததை நீங்கள் அறிவீர்கள். அவர்களை வரவேற்க நம் மூப்பர்களில் ஒருவர் எழுந்தார். பஞ்சாலையில் 32 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். பள்ளியில் எட்டாம் வகுப்போடு நின்றவர். வார அறிவிப்புகளை வாசிப்பதும், சுகவீனமானவர்களின் பெயர்களை மறவாமல் ஜெபத்துக்குத் தருவதும் அவருடைய ஊழியம். அன்று எவரும் கேட்காமலே, ஒரு துண்டுத்தாளில் எழுதிவைத்திருந்த ஆங்கில வரவேற்பை வாசித்தார். 'வீ இஸ் வெரி ஹேப்பி' என்று தொடங்கினார். நான் அருகில் நின்றுகொண்டிருந்தேன். என்னையறியாமல் மைக்குக்குக் கேட்கும்படியே, 'வீ ஆர்' என்று திருத்தினேன். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தமிழில் இரண்டு வார்த்தை சொல்லி அமர்ந்துவிட்டார்.

அதன் பின் நடந்ததுதான் என்னை உறங்கவிடாதது. விருந்தினரில் ஒரு மூதாட்டி எழுந்து, தமக்குத் தெரிந்த தமிழில் 'நான் சந்தோஷம்' என்றார். நாம் என்ன செய்தோம்? கைதட்டினோம். பின்வரிசையிலிருந்து 'அல்லேலூயா' என்றும் குரல் வந்தது. 'நான் சந்தோஷமாயிருக்கிறேன்' என்றோ 'எனக்குச் சந்தோஷம்' என்றோ இருக்க வேண்டியது அந்த வாக்கியம். அவர் செய்த பிழையும் நம் மூப்பர் செய்த பிழையும் ஒரே இடத்தில் நேர்ந்தவை. இருவருக்கும் இடறலானது 'இருத்தல்' என்னும் அதே சிறிய வினைதான். ஒருவருக்குக் கைதட்டு, ஒருவருக்குச் சிரிப்பு. அந்த ஞாயிறுக்குப் பின் நம் மூப்பர் அறிவிப்பு வாசிக்க எழவில்லை. தொண்டை சரியில்லை என்கிறார்.

இதை நான் சொல்லியே ஆகவேண்டும். நம் ஊர்களில், நம் வீடுகளில், நம் சபைகளிலும், ஒரு மனிதரின் தகுதியை அளப்பதற்கு 'ஆம்', 'இஸ்', 'ஆர்' என்னும் மூன்று சொற்களை அளவுகோலாக வைத்திருக்கிறோம். கணக்கில் தேர்ந்தவர், ஆலையில் பதினைந்து எந்திரங்களைத் தனியாகப் பார்த்துக்கொண்டவர், மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர், 'வீ இஸ்' என்றால் போதும், அவரைப் பற்றிய நம் மதிப்பு ஒரு படி இறங்கிவிடுகிறது. இது நியாயமற்றது என்பதோடு, அந்த வினைச்சொல்லைப் பற்றிய நம் அறியாமையையும் காட்டுகிறது என்பது என் கருத்து. கடந்த மூன்று வாரங்கள் அந்தச் சொல்லைப் பற்றிப் படித்தேன். படிக்கப் படிக்க, திருத்திய நானே அதை அறியாதவன் என்று உணர்ந்தேன்.

ஆங்கிலத்தில் ஒரு சாதாரண வினைக்கு நான்கு வடிவங்கள் இருக்கும். நடத்தலைக் குறிக்கும் 'வாக்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: 'வாக்', 'வாக்ஸ்', 'வாக்ட்', 'வாக்கிங்'. அவ்வளவே. ஆனால் 'இருத்தல்' வினைக்கு எட்டு வடிவங்கள்: 'பீ', 'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்', 'பீன்', 'பீயிங்'. இவற்றுள் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்கவே முடியாது. 'ஆம்' என்பதிலிருந்து 'வேர்' எப்படி வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டால் எந்த விதியைச் சொல்வீர்கள்? விதி இல்லை. 'நான்' என்பதற்கென்று தனி வடிவம் வைத்திருக்கும் வினை ஆங்கிலத்தில் இது ஒன்றே. இறந்தகாலத்தில் ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்வதும் இது ஒன்றே. மற்ற வினைகள் எல்லாம் எப்போதோ எளிமையாகிவிட்டன.

உண்மை என்னவென்றால், இது ஒரு வினையே அன்று. வெவ்வேறு காலத்தில் தனித்தனியே வாழ்ந்த மூன்று வினைகள் ஒரே கூரையின் கீழ் வந்து குடியேறிய கூட்டுக்குடும்பம் இது. பழைய ஆங்கிலத்தில்கூட 'வெஸான்' என்று ஒன்றும் 'பேயான்' என்று ஒன்றும் ஆக இரண்டு வினைகள் அருகருகே வழங்கின. இந்த மூன்று குடும்பங்களும் நமக்கு அந்நியமானவை அல்ல என்பதைக் கண்டபோது நான் வியந்தேன். 'ஆம்', 'இஸ்' ஆகியவை பிறந்த வேரும் வடமொழியின் 'அஸ்மி', 'அஸ்தி' பிறந்த வேரும் ஒன்று. 'அஸ்தி' என்றால் 'இருக்கிறது'. 'ந அஸ்தி', அதாவது 'இல்லை' என்பதிலிருந்தே 'நாஸ்திகம்' என்ற சொல் வந்தது. கடவுள் இல்லை என்பவரை நாத்திகர் என்று நாம் சொல்லும்போது, ஆங்கிலத்தின் 'இஸ்' என்ற சொல்லுக்குத் தூரத்து உறவான ஒன்றை உச்சரிக்கிறோம். 'பீ', 'பீன்' ஆகியவற்றின் வேர் வடமொழியில் 'பூ' என்பது. ஆதல், உண்டாதல் என்று பொருள். 'சம்பவம்' அதிலிருந்து வந்ததே. 'வாஸ்', 'வேர்' ஆகியவற்றின் வேருக்குத் தங்குதல், குடியிருத்தல் என்று பொருள். நம் வேதாகமத் தமிழில் 'வாசம்பண்ணுதல்' என்கிறோமே, அந்த 'வாசம்' இதன் உறவே. (மணத்தைக் குறிக்கும் வாசம் வேறு.)

வடமொழிக்கும் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் பொதுவான ஒரு மூலம் இருந்திருக்க வேண்டும் என்று 1786ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஆசியவியல் கழகத்தின் கூட்டத்தில் எடுத்துரைத்தவர் சர் வில்லியம் ஜோன்ஸ் என்னும் நீதிபதி. அந்த உறவின் தெளிவான சாட்சிகளுள் ஒன்று இந்தச் சிறிய வினையே. ஆனால் தமிழின் 'ஆம்', அதாவது 'ஆகும்' என்பதன் குறுக்கம், ஆங்கிலத்தின் 'ஆம்' என்பதோடு ஒலியிலும் ஓரளவு பொருளிலும் ஒத்திருப்பது தற்செயலே. இரண்டையும் முடிச்சுப்போட்டு எனக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். தமிழ் வேறு குடும்பம். அதை விரிவாக ஒப்பிட்டு நிறுவி 1856இல் நூல் வெளியிட்டவர் நம் இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் ஐயர் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இத்தனை ஒழுங்கற்ற ஒரு சொல்லை ஆங்கிலேயர் ஏன் சீர்செய்யாமல் விட்டார்கள்? அதை நாள்தோறும் பயன்படுத்துவதால்தான். அரிதாக வழங்கும் வினையின் பழைய வடிவம் மறந்துபோகும். மறந்தவர்கள் பொதுவிதியை அதன்மேல் பொருத்திவிடுவார்கள். உதவுதலைக் குறிக்கும் 'ஹெல்ப்' என்பதற்கு ஒருகாலத்தில் 'ஹோல்ப்', 'ஹோல்பன்' என்ற வடிவங்கள் இருந்தன. 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில், லூக்கா முதலாம் அதிகாரத்தில், மரியாள் பாடும் பாட்டில் 'ஹோல்பன்' என்பதை இன்றும் காணலாம். இன்று அது 'ஹெல்ப்ட்' என்று ஒழுங்குக்கு வந்துவிட்டது. 2007இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றிருந்த 177 வினைகளை எடுத்துக்கொண்டு பார்த்தது. அவற்றுள் இன்றும் ஒழுங்கற்று நிற்பவை 98. மிகுதியாக வழங்குபவை மாறவில்லை, அரிதானவை மாறிவிட்டன. ஆக, கற்பவருக்கு முதல் நாளிலேயே தேவைப்படும் சொல்லே எல்லாவற்றிலும் கடினமான சொல்லாக அமைந்துவிட்டது. 'பீ' என்பதைத் தாண்டாமல் ஆங்கிலத்தில் தன் பெயரைக்கூட ஒருவர் சொல்ல இயலாது. வாசற்படியையே மிக உயரமாகக் கட்டிவைத்த வீடு அது.

இனி நம் பக்கம் வருவோம். 'இவர் என் தந்தை.' இந்தத் தமிழ் வாக்கியத்தில் வினை எங்கே? இல்லை. வேண்டியதும் இல்லை. எழுவாயும் பெயர்ப் பயனிலையும் சேர்ந்தால் நமக்கு வாக்கியம் முடிந்தது. 'அவள் ஆசிரியை', 'வீடு பெரிது', 'என் ஊர் நாசரேத்து' என்று நாள் முழுவதும் வினையில்லாமல் பேசுகிறோம். அப்படிப் பேசி வளர்ந்த பிள்ளை ஆங்கிலத்தில் 'மை ஃபாதர் டீச்சர்' என்று எழுதினால், அது சோம்பலால் நேர்ந்த பிழை அன்று. தன் தாய்மொழியின் இலக்கணத்தைச் சரியாகக் கற்ற பிள்ளை அது.

நம் மொழி மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். வேதாகமத்தின் எபிரேயமும் இப்படியே. நம் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் முதலில் மனப்பாடம் செய்யும் 23ஆம் சங்கீதத்தின் முதற்கூற்று எபிரேயத்தில் இரண்டே சொற்கள். ஒன்று கர்த்தரின் திருநாமம். மற்றொன்று மேய்ப்பரைக் குறிக்கும் சொல். நடுவில் வினை கிடையாது. ஆங்கிலத்தில் அப்படி விட முடியாததால் மொழிபெயர்ப்பாளர்கள் ஓர் 'இஸ்' சேர்த்தார்கள். மூலத்தில் இல்லாததைச் சேர்த்தோம் என்று வாசகர் அறியும்பொருட்டு, ஜேம்ஸ் அரசர் பதிப்புகளில் அந்தச் சொல்லைச் சாய்வெழுத்தில் அச்சிடுகிறார்கள். உங்கள் வீட்டில் பழைய ஆங்கில வேதாகமம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' சாய்ந்து நிற்பதைக் காண்பீர்கள். நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களும் அந்த இடத்தில் 'ஆயிருக்கிறார்' என்று சேர்த்தார்கள். வீட்டில் எவரும் 'இவர் என் தகப்பனாராயிருக்கிறார்' என்று சொல்வதில்லை. வேதாகமத் தமிழின் அந்தச் சாயல் நமக்குப் பழகிப் பிரியமாகிவிட்டது, அது வேறு விஷயம்.

இல்லாத வினையைச் சேர்க்கக் கற்றுக்கொண்ட பின் அடுத்த தொல்லை தொடங்குகிறது: தேவையில்லாத இடத்திலும் சேர்ப்பது. 'ஐ ஆம்' என்பது 'நான்' என்பதற்கு ஆங்கிலம் என்று நினைத்துவிடுகிறோம். 'ஐ ஆம் அக்ரீ', 'ஐ ஆம் கோ' என்பவை அப்படி வந்தவை. இதில் எனக்கும் பங்குண்டு. இறையியல் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது 'ஐ ஆம் கேம் ஃப்ரம் எ வில்லேஜ்' என்றேன். அறை முழுவதும் சிரித்தது. அந்த ஆண்டு முழுவதும் வகுப்பில் நான் கேள்வி கேட்கவில்லை. கேட்க வேண்டியவை நிறைய இருந்தும் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பை மறந்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று வாரங்களுக்கு முன் அதே சிரிப்பை நான் வேறொருவருக்குக் கொடுத்தேன்.

இப்போது படித்தபோது ஒன்று தெரிந்தது. நான் சொன்னதில் ஓர் எழுத்து மாறியிருந்தால், அது 1611இல் சரியான ஆங்கிலம். அந்தக் காலத்தில் வருதல், போதல், எழுதல் போன்ற இயக்க வினைகளுக்கு 'ஹேவ்' சேர்க்காமல் 'பீ' சேர்த்தார்கள். 'ஐ ஆம் கம்' என்ற அமைப்பு ஜேம்ஸ் அரசர் பதிப்பில், நம் ஆண்டவரின் வாய்மொழியாகவே, பல இடங்களில் வருகிறது. தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? 'வந்திருக்கிறேன்' என்கிறோம். வந்து, இருக்கிறேன். அதே அமைப்பு! இன்றைய ஆங்கிலம் அந்த இடத்தை 'ஹேவ்' என்பதற்குக் கொடுத்துவிட்டது. ஆகவே 'ஐ ஹேவ் கம்' என்றே சொல்லவேண்டும், பரீட்சையிலும் அப்படியே எழுதவேண்டும். ஆனால் அந்தக் கிராமத்துப் பையனின் மூளையில் நடந்தது மடமை அன்று. தன் மொழியின் 'இரு' என்பதை ஆங்கிலத்தின் 'ஆம்' என்பதோடு பொருத்திப் பார்த்திருக்கிறான். இதை அன்று எவரேனும் எனக்குச் சொல்லியிருந்தால் ஓர் ஆண்டு ஊமையாக இருந்திருக்கமாட்டேன்.

'யூ' என்பதோடு ஏன் 'ஆர்' வருகிறது என்பதும் பலருக்குப் புதிர். ஒருவரைப் பார்த்துப் பேசும்போதும் பன்மைக்குரிய 'ஆர்' எதற்கு? தமிழருக்கு இது கொஞ்சமும் புதிராக இருக்கக்கூடாது. ஒருவரையே 'நீங்கள் இருக்கிறீர்கள்' என்று நாம் பன்மையில் சொல்வதில்லையா? ஆங்கிலத்திலும் அப்படியே நடந்தது. ஒருமைக்கு 'தௌ' இருந்தது. அதற்குரிய வினை 'ஆர்ட்'. பன்மைக்குரிய 'யூ' முதலில் மரியாதைக்காகப் பெரியோரிடம் வழங்கியது. பிறகு எல்லாரிடமும் வழங்கி, 'தௌ' என்பதை வீட்டைவிட்டே வெளியேற்றிவிட்டது. எல்லாரையும் 'நீங்கள்' என்றே அழைத்து 'நீ' என்பதை ஒரு சமுதாயம் மறந்துவிட்டதாக நினைத்துப் பாருங்கள். இதில் ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் ஜெபிக்கும் நம் சகோதரர் சிலர், 'தௌ ஆர்ட்' என்பது கடவுளுக்கு மட்டும் உரிய உயர்ந்த மரியாதைச் சொல் என்று எண்ணுகிறார்கள். அது 'நீ' என்பதற்குச் சமமானது. ஜேம்ஸ் அரசர் பதிப்பில் கர்த்தரையும் 'தௌ' என்றே அழைக்கிறார்கள், சாத்தானையும் 'தௌ' என்றே அழைக்கிறார்கள். பழையதாகிப்போனதால் அதற்கு ஒரு பரிசுத்தக் களை வந்து ஒட்டிக்கொண்டது. நாமோ தமிழில் 'நீர்' என்கிறோம். 'நீ' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும் நடுவே ஆண்டவருக்கென்று ஓரிடம் வைத்திருக்கிறோம். அந்த நுட்பம் ஆங்கிலத்தில் இல்லை.

ஆங்கிலேயர் தாமே இந்த வினையில் எப்போதும் ஒருமனப்பட்டிருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஒருவரை நோக்கி 'யூ வாஸ்' என்று சொல்வது படித்தவர்களிடமும் இருந்தது. ஒருவர் என்றால் 'வாஸ்', பலர் என்றால் 'வேர்', நியாயமான பிரிவினையே. அதைப் பெரும்பிழை என்று 1762இல் தம் இலக்கண நூலில் கண்டித்தவர் ராபர்ட் லவுத். பின்னாளில் இலண்டனின் பேராயர் ஆனவர். எபிரேயக் கவிதையின் இணைநிலை அமைப்பை விளக்கிய மாபெரும் அறிஞர் என்று இறையியல் மாணவர்கள் இவரை அறிவார்கள். அமெரிக்காவின் நோவா வெப்ஸ்டரோ 'யூ வாஸ்' சரி என்று வாதாடினார். அகராதிக்காரர் சரி என்றார், பேராயர் தவறு என்றார். பேராயர் பக்கம் நிலைத்தது. இன்றும் இங்கிலாந்தின் தென்மேற்கு வட்டாரங்களில் முதியவர்கள் 'ஐ பீ' என்பதைக் கேட்கலாம். இலண்டனின் உழைக்கும் மக்களிடையே 'வீ வாஸ்' சாதாரணம். அங்கேயும் அவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆக, எது சரி என்பது விண்ணிலிருந்து கற்பலகையில் எழுதி இறங்கியது அன்று. யார் பேசியதை யார் ஏற்றார்கள் என்பதன் வரலாறு அது.

இப்போது உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன்; கோபித்துக்கொள்ள வேண்டாம். 'நான் அவன்' என்பதன் எதிர்மறை என்ன? 'நான் அவன் அல்ல' என்பீர்கள். தவறு. 'நான் அவன் அல்லேன்' என்பதே மரபு. 'நீ அல்லை', 'அவன் அல்லன்', 'அவள் அல்லள்', 'அவர் அல்லர்', 'நாம் அல்லேம்', 'அது அன்று', 'அவை அல்ல'. ஆங்கிலத்தின் எட்டு வடிவங்களுக்குச் சற்றும் குறையாத வரிசை நம்மிடமும் இருக்கிறது. 'அல்ல' என்பது அஃறிணைப் பன்மைக்கு மட்டும் உரியது. அதையே எல்லாவற்றுக்கும் போட்டு நாம் பேசுகிறோம், செய்தித்தாள் எழுதுகிறது, மேடையில் முழங்குகிறார்கள், நானும் பல வாரங்கள் இந்தத் தியானங்களில் 'அது அல்ல' என்றே எழுதியிருக்கிறேன். தமிழாசிரியர் ஒருவர் தவிர எவரும் திருத்தவில்லை. அவரும் தனியாக அழைத்து, தேநீர் கொடுத்துத் திருத்தினார். 'வீ இஸ்' என்பதும் 'அவன் அல்ல' என்பதும் ஒரே வகைப் பிழை: ஓரிடத்துக்குரிய வடிவத்தை இன்னோரிடத்தில் வைப்பது. ஒன்றைக் கேட்டால் சிரிக்கிறோம். மற்றொன்றை நாமே நாள்தோறும் செய்கிறோம், காது கூசுவதில்லை. பிழை நம்மைப் புண்படுத்துகிறது என்றால் இரண்டிலும் புண்பட வேண்டும். ஆகவே நாம் காப்பது இலக்கணத்தை அன்று என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். யார் படித்தவர், யார் படியாதவர் என்ற கோட்டைக் காக்கிறோம்.

'அப்படியானால் பிள்ளைகள் எப்படி வேண்டுமானாலும் பேசட்டும், எழுதட்டும் என்கிறீர்களா?' என்று பெற்றோர் கேட்பீர்கள். இல்லை. நம் சபையில் செவிலியர் படிப்பு முடித்து வெளிநாட்டு வேலைக்கு ஆங்கிலத் தேர்வு எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே 'ஷீ ஆர்' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். நோயாளியின் நிலையைக் குறிக்கும்போது 'இஸ்' வரவேண்டிய இடத்தில் 'வாஸ்' வந்தால், மதிப்பெண்ணைவிடப் பெரியது போய்விடும். 'காய்ச்சல் இருக்கிறது' என்பதும் 'காய்ச்சல் இருந்தது' என்பதும் ஒன்றா? சரியாகக் கற்கத்தான் வேண்டும். கற்பிக்கும் முறையிலும் திருத்தும் இடத்திலும்தான் எனக்கு வழக்கு.

'ஐ ஆம், யூ ஆர், ஹீ இஸ்' என்று அட்டவணையை ராகம் போட்டு ஒப்புவிக்கச் செய்கிறோம். பிள்ளை பிழையின்றி ஒப்புவிக்கும். வெளியே வந்து 'மை பிரதர் ஆர் கமிங்' என்னும். தமிழில் இந்த இடத்தில் வினை இல்லை, ஆங்கிலத்தில் வேண்டும் என்ற ஒரே வாக்கியத்தை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். 'எனக்கு இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள்' என்பதில் உள்ள 'இருக்கிறார்கள்' ஆங்கிலத்தில் 'ஹேவ்' ஆகிவிடுகிறது என்று காட்டினால் 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' குறையும். 'காலையிலிருந்து இங்கே இருக்கிறேன்' என்பதை நாம் நிகழ்காலமாகப் பார்க்கிறோம். ஆங்கிலம் அதைக் கடந்ததில் தொடங்கி இன்றுவரை நீண்டதாகப் பார்ப்பதால் 'ஐ ஹேவ் பீன் ஹியர்' என்கிறது. நமக்கு 'அல்லவா' ஒன்று போதும். ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் அது மாறும். 'ஐ ஆம்' என்று முடிந்ததற்கு 'ஆரின்ட் ஐ' என்று கேட்கிறார்கள் ஆங்கிலேயர். 'ஆம்' எப்படி 'ஆர்' ஆனது என்றால் அவர்களுக்கே பதில் சொல்லத் திணறல். இப்படி இரண்டு மொழிகளையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால், பிள்ளை தன் தமிழையும் சேர்த்துக் கற்கும்.

திருத்தும் இடத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. அப்பாக்களே, ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, மற்றவர் முன்னிலையில் மகளின் ஆங்கிலத்தைத் திருத்தாதிருங்கள். வீட்டுக்குப் போய்த் திருத்துங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை, தன் தகப்பனார் அருகில் இருந்தால் ஆங்கிலமே பேசுவதில்லை என்று என்னிடம் சொன்னாள். நான் யாரைச் சொல்கிறேன் என்று தேட வேண்டாம். மூன்று வாரங்களுக்கு முன் நானும் அந்தத் தகப்பனாரைப் போலவே நடந்துகொண்டேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை மூப்பரின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். 'அதெல்லாம் எதுக்குங்க ஐயா, தப்பாத்தானே சொன்னேன்' என்றார். மேலே எழுதியவற்றில் பாதியை அவரிடம் சொன்னேன். சாய்வெழுத்து விஷயத்தைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய், பஞ்சாலையின் பழைய மேலாளர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்த ஆங்கில வேதாகமத்தை எடுத்துவந்தார். இருவரும் 23ஆம் சங்கீதத்தைத் திறந்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, 'ஆமாங்க, சாஞ்சுதான் இருக்கு' என்றார். பிறகு அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று சாய்ந்த சொற்களைத் தேடிக்கொண்டே போனார். அவருடைய துணைவியார் காப்பி கொண்டுவந்து வைத்து, அது ஆறிப்போனதுவரை தேடினார்.

வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சபை மண்டபத்தில் ஓர் ஆங்கில வகுப்பு தொடங்குகிறோம். நம் சபையின் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நடத்துவார். வயது வரம்பு இல்லை, கட்டணம் இல்லை. முதல் நான்கு வாரங்களும் இந்த ஒரு வினைச்சொல்தான். முதல் வரிசையில் மாணவனாக உட்கார நான் பெயர் கொடுத்துவிட்டேன். மூப்பரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மைக் மட்டும் வைக்கக்கூடாதாம்.